ரத்தினவேல் சொல்ல வந்தது

"வேணாம்" என்று சொல்லிக்கொண்டே ரத்தினவேல் இடது கையை நீட்டி டீ டம்ளரை வாங்கிக்கொண்டார். ஊதி ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளமாகப் புருவத்தைத் தூக்கினார். அந்த வீட்டில் அதைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகிவிட்டது. சோறு போடட்டுமா என்றால் வேணாம். தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்று விரலால் காட்டும்போதும் வேணாம். கரண்டு போனால் வேணாம், வந்தால் வேணாம். மகள் கவிப்ரியா வேலை முடிந்து வந்து ஸ்கூட்டியை நிறுத்தும் சத்தம் கேட்டால், முகத்தை வாசல் பக்கம் திருப்பி, மிகுந்த பிரியத்தோடு, வேணாம்.

அவர் டீ குடித்து முடிப்பதற்குள் தம்பி தமிழ்மணி பைக்கில் வந்து இறங்கினான். உட்காராமலே பேச ஆரம்பித்தான்.

"அண்ணி, கருவேப்பிலங்குறிச்சிக்காரங்க வெள்ளிக்கெழம பூ வைக்க வர்றாங்க. வைகாசியில கல்யாணத்த வச்சிக்கலாம்னு சொல்றாங்க. இனிமே இழுத்தடிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

"வேணாம்" என்றார் ரத்தினவேல்.

"ஆமாண்ணே, ஆமா. எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று தமிழ்மணி அண்ணனின் தோளைத் தட்டிக்கொடுத்தான். ரத்தினவேல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை சொன்னார். அப்போது அவர் மனைவி ராணி அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். பால் பொங்கவில்லை. ஆனாலும் திரும்பினாள்.

போன ஐப்பசி வரைக்கும் ரத்தினவேல் பேசிக்கொண்டே இருந்த மனிதர். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டைகள் செய்கிற ஒரு யூனிட்டில் சூளை அடுக்குகிற வேலை. சாமான்களைச் சூளைக்குள் அடுக்கும்போதும் பேச்சு, சூளை வெந்துகொண்டிருக்கும்போதும் பேச்சு. தேர்தல், மழை, முந்திரி விலை, யார் வீட்டில் யாருக்குச் சண்டை என்று எதையும் விடமாட்டார். அதே யூனிட்டில் ராணிக்கு, அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைச் சாமான்களின் ஓரத்துப் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சரிசெய்கிற வேலை. வீட்டுக்கும் வேலைக்கும் இருவரும் சேர்ந்து நடப்பார்கள். அவர் பேசுவார், அவள் ம் கொட்டுவாள். கல்யாணமானதிலிருந்து அவள் பேச வேண்டியதையும் அவரே பேசிவிட்டார் என்றுகூடச் சொல்லலாம். கடைக்காரனிடம், பள்ளிக்கூடத்தில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் எல்லாம் அவர் வாய்தான்.

கவிப்ரியா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் தமிழ்மணி ஒரு வரன் கொண்டுவந்தான். பையன் பெயர் பிரவீன்குமார், ஊர் கருவேப்பிலங்குறிச்சி, வேப்பூர் ஹைவேயில் சொந்தமாக டயர் கடை. யாரிடமும் சொல்லாமல் போய் நானே நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று ரத்தினவேல் ஒரு நாள் கிளம்பிப் போனார். நல்ல மழை அன்றைக்கு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நனைந்துகொண்டே திரும்பி வந்தார். வழக்கமாகத் தெருமுனையிலேயே பேச்சை ஆரம்பித்துவிடுகிறவர், அன்று கால் கழுவித் துடைத்து உட்காரும்வரை வாயே திறக்கவில்லை.

"பையன் எப்பிடி? என்னா சொன்னாங்க?" என்று ராணி கேட்டாள்.

அவர் உள் அறையைப் பார்த்தார். உள்ளே கவிப்ரியா துணிக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். "அது பெரிய பேச்சு. புள்ளய வச்சிக்கிட்டு எதுக்கு? காலையில வேலைக்குப் போறப்ப நடந்துக்கிட்டே சொல்றேன்."

காலையில் செருப்பைப் போடக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். ராணி ஓடிப்போய்த் தாங்கியபோது, அவளைக் கூப்பிட வந்த வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. உள்ளூர் ஆஸ்பத்திரி, பிறகு ஆம்புலன்சில் புதுச்சேரி. உயிர் தப்பியது. வலது கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. வலது கை பாதிதான் வந்தது. பேச்சு வரவேயில்லை. பல நாள் கழித்து, ஊசியோடு வந்த நர்சைப் பார்த்து அவர் திடீரென்று "வேணாம்" என்றபோது ராணியும் கவிப்ரியாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பேச்சு வந்துவிட்டது, மற்ற வார்த்தைகள் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும் என்று நினைத்தார்கள். அதற்குப் பின்னால் எதுவும் வரவில்லை.

வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக நடந்துகொண்டார்கள். சிலர் அவர் காதருகே குனிந்து, செவிடனிடம் கத்துவதுபோலக் கத்தினார்கள். சிலர் குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சினார்கள். சிலர் அவர் அங்கே இல்லாததுபோல ராணியிடம், "புத்தி எப்பிடி இருக்குது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஜங்ஷன் ரோட்டில் ஒரு கிளினிக்குக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் புதுச்சேரியிலிருந்து பிரபா என்ற பேச்சுப் பயிற்சியாளர் வந்தாள். கவிப்ரியாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முதல் நாள் அவள் ரத்தினவேலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, காதைச் சோதித்தாள், வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தாள், ஆ என்று சத்தம் கொடுக்கச் சொன்னாள், பேனாவையும் சாவியையும் எதிரே வைத்து, பெயர் சொல்கிறதை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். எல்லாவற்றையும் அவர் சரியாகச் செய்தார்.

"அவருக்குக் காது நல்லா கேக்குதும்மா" என்றாள் பிரபா. "நாக்கு ஒதடு எல்லாம் அசையுது, கொரலு வருது. நாம சொல்றதும் புரியுது. நெனப்பும் அப்பிடியே இருக்குது. அந்த நெனப்புக்கு உண்டான சொல்ல எடுத்து வாய்க்கு அனுப்பற எடத்துலதான் அடி. காது கேக்காதது வேற, கொரலு போறது வேற, நாக்கு கொழர்றது வேற. இவருக்குப் போனது மொழி."

"அப்ப புத்தி?"

"புத்தி போகலம்மா. போயிடுச்சின்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க."

பிறகு அவள் "ஒண்ணு, ரெண்டு" என்று எடுத்துக்கொடுத்தாள். ரத்தினவேல் மூணு, நாலு, அஞ்சு என்று தொடங்கி இருபதுவரைக்கும் தண்ணீர் ஓடுவதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். ராணி எழுந்தே விட்டாள். பிரபா நாலு விரலைக் காட்டி, இது எத்தனை என்று கேட்டாள். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. உதடு எதையோ தேடியது. "வேணாம்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"மனப்பாடமா ஓடி வர்றது வேற, நமக்கு வேணுங்கறப்ப ஒரு சொல்ல எடுக்கறது வேற. அவரு சொல்ற வேணாம், வேணாம் இல்ல. வாயப் பாக்காதீங்க, மொகத்தப் பாருங்க, கையப் பாருங்க." இடது உள்ளங்கை மேலே பார்த்தால் ஆமாம், கீழே கவிழ்ந்தால் இல்லை என்று அவள் பழக்கினாள். "மொதல்ல ஒங்களுக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியா கேளுங்க. அப்பறம் தெரியாதத கேளுங்க. அதையே திருப்பிப் போட்டும் கேளுங்க. ரெண்டும் ஒத்துப்போனா அது அவரோட பதிலு. அவசரப்படாதீங்க. அவருக்காக நீங்க பேசிடாதீங்கம்மா. அதுதான் முக்கியம்."

ராணி தலையாட்டினாள். ஆனால் வேலைக்கும் போய், சமைத்து, அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து முடிக்கிற ஒருத்திக்கு அவர் கை திரும்புகிறவரை காத்திருக்க எங்கே நேரம்? வெந்நீரா பச்சைத் தண்ணியா, ஃபேன் வேண்டுமா என்பதற்குமேல் அந்தக் கையிடம் அவள் எதையும் கேட்கவில்லை. மற்றதையெல்லாம் அவளே சொன்னாள். அவருக்குக் காரம் ஆகாதுங்க. அவருக்கு அந்தக் கல்யாணத்துக்கு வர இஷ்டமில்லங்க. அவரு கோவமா இருக்காரு. சொல்லச் சொல்ல அது அவளுக்கு நன்றாக வந்தது. கடைத்தெருவில் நின்று நாலு வார்த்தை பேசத் தெரியாத ராணி என்ற பெயர் போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். அதில் ஏதோ ஓர் இடத்தில் தனக்கு நிறைவாக இருக்கிறது என்பதை உணர்ந்த நாளில், சாமான் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

வரன் பேச்சைத் தமிழ்மணி மறுபடி எடுத்தது பொங்கல் கழிந்து. "அண்ணன்தான் அன்னைக்கே நேர்ல போயிப் பாத்துட்டு வந்தாரே அண்ணி. புடிக்கலன்னா வந்ததுமே சொல்லியிருக்க மாட்டாரா? வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கற ஆளா அவரு?" என்றான். ராணிக்கு அந்தப் 'பெரிய பேச்சு' நினைவுக்கு வந்தது. நல்ல விஷயமாக இருந்தால் மகள் எதிரிலேயே சொல்லியிருப்பாரே என்றும் தோன்றியது. ஆனால் அப்பா இப்படி ஆகிவிட்ட வீட்டில் பெண் எடுக்க இன்னொருவர் எப்போது வருவார்? கவிப்ரியாவும் பிரவீன்குமாரிடம் போனில் பேச ஆரம்பித்திருந்தாள். பேசிவிட்டு வருகிற அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ரத்தினவேலின் கையிடம் ராணி அதைப் பற்றி ஒருமுறையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை இரண்டு காரில் வந்தார்கள். பையனின் அம்மா ஆதிலட்சுமி வாய் நிறையப் பேசுகிறவள். அப்பா சாமிதுரை தலையாட்டுவதோடு சரி. பிரவீன்குமார் வெள்ளைச் சட்டையில் அடக்கமாக வந்து ரத்தினவேலின் காலைத் தொடக் குனிந்தான். ரத்தினவேல் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"மூத்தவனும் மருமவளும் திருப்பூர்ல இருக்காங்க, லீவு கெடைக்கல. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துருவாங்க" என்றாள் ஆதிலட்சுமி. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு ரத்தினவேலிடம் திரும்பினாள். "அண்ணே, ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா பூ வச்சிரலாம்."

"வேணாம்" என்றார் ரத்தினவேல். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் மறுபடி, இன்னும் உரக்க, "வேணாம், வேணாம்" என்றார். கழுத்து நரம்பு புடைத்தது.

தமிழ்மணி சிரித்தான். "பயந்துராதீங்க. அண்ணனுக்கு இருக்கறதே அந்த ஒரு வார்த்ததான். சந்தோசம்னாலும் அதான், பசின்னாலும் அதான்."

வந்தவர்களும் சிரித்தார்கள். ஆதிலட்சுமி ராணியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க அண்ணி. அவரு மனசு ஒங்களுக்குத்தான தெரியும்."

ராணி பார்த்தாள். அவருடைய இடது கை முட்டியின்மேல் இருந்தது. உள்ளங்கை கவிழ்ந்து, முட்டியை நசுக்கிவிடுவதுபோல அழுந்திக்கொண்டிருந்தது. அறை நிறைய ஆட்கள், பச்சைப் பட்டுப்புடவையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மகள், கையில் தட்டோடு நிற்கிற ஆதிலட்சுமி.

"சரின்னுதான் சொல்றாரு" என்றாள் ராணி. "சந்தோசமா இருக்காரு."

ரத்தினவேல் அவளைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி அவர் கை வீசியதில் தட்டு பறந்தது. பூவும் வெற்றிலையும் வாழைப்பழமும் சிதற, குங்குமம் பாயில் கொட்டிப் பரவியது.

"பக்கவாதம் வந்த கையி, அவரு வசத்துல இல்ல" என்று தமிழ்மணி அவசரமாகச் சொன்னான். ஐயோ பாவம் என்று எல்லோரும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்கள். வீசியது இடது கை, நல்ல கை. அது அந்த வீட்டு ஆட்களுக்குத்தான் தெரியும். கவிப்ரியா அப்பாவின் கையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். பொறுக்கி எடுத்த பூவையே அவள் தலையில் வைத்தார்கள்.

அவர்கள் போன பிறகு கவிப்ரியா கேட்டாள். "அம்மா, அது நல்ல கைதான?"

"தெரியாமப் பட்டிருக்கும்."

"எனக்கு அவரப் புடிச்சிருக்குதும்மா. எவ்ளோ பதமா பேசுறாரு தெரியுமா? அப்பாவுக்கு என்னாவாம்? நான் இப்பிடியே இங்க ஒக்காந்துருக்கணுமா?" அவள் அழுதாள். அழுகையை அப்பாவும் கேட்கட்டும் என்று கதவைச் சாத்தாமலே அழுதாள்.

அதன்பிறகு ரத்தினவேல் ராணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நீட்டுகிற தட்டை வாங்கவில்லை. அவள் வைத்துவிட்டு நகர்ந்தால் எடுத்துச் சாப்பிட்டார். அந்த ஒற்றை வார்த்தையும் நின்றுவிட்டது. டீக்கும் இல்லை, சோற்றுக்கும் இல்லை, மகளின் ஸ்கூட்டி சத்தத்துக்கும் இல்லை. மொழி போனபோதுகூட அந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ராணி பாத்திரங்களைச் சத்தம் வரும்படிக் கழுவினாள்.

திங்கட்கிழமை கவிப்ரியா வேலைக்குப் போன பிறகு ராணி லீவு சொல்லிவிட்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, தப்புப் பண்ணிட்டேன். ஒங்க கையப் பாத்துட்டுத்தான் அப்பிடிச் சொன்னேன்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப கேக்கறேன். சொல்லுங்க. ஒங்க பேரு ரத்தினவேலா?"

ராணி எழுந்திருக்காமல் காத்திருந்தாள். பிறகு உள்ளங்கை மெல்ல மேலே திரும்பியது.

"நான் ஒங்க அக்காவா?"

கை கவிழ்ந்தது. உதட்டோரம் லேசாக அசைந்தது.

"அன்னைக்கு மழையில கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனீங்க. அங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

கை மேலே திரும்பியது.

"நல்ல சேதியா?" கவிழ்ந்தது. "கெட்ட சேதியா?" மேலே. "பையன் நல்லவன்னாங்களா?" கவிழ்ந்தது. "பையன் சரியில்லன்னாங்களா?" மேலே. எப்படித் திருப்பிக் கேட்டாலும் அந்தக் கை ஒரே பதிலைத்தான் சொன்னது.

"குடிக்கறானா?" கவிழ்ந்தது. "வேற பொம்பள சகவாசமா?" கவிழ்ந்தது. "ஏதாச்சும் வியாதியா?" கை பாதி திரும்பி, தயங்கி, அப்படியே நின்றது. அவர் வாயைத் திறந்தார். "வேணாம்" என்று வந்தது. தலையைப் பலமாக ஆட்டிவிட்டு மறுபடி முயன்றார். "ஒண்ணு ரெண்டு மூணு நாலு" என்று வார்த்தைகள் தாமாக ஓடின. அவர் தன் வாயைத் தானே அறைந்துகொண்டார். ராணி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரு சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு, அதற்கு உள்ளங்கையால் பதில் சொல்ல முடியாதே என்று அவளுக்கே தெரிந்தது. ரத்தினவேல் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார். காலை இழுத்து இழுத்துப் போய் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். பட்டன் போட முடியாமல் அதை முன்னால் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். அவர் எங்கே போகவேண்டும் என்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

கருவேப்பிலங்குறிச்சி நிறுத்தத்தில் இறங்கியபோது பங்குனி வெயில் தார்ரோட்டில் கொதித்தது. ஆதிலட்சுமியின் தெரு எது என்று ராணிக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகாமல் ரத்தினவேல் டீக்கடையைத் தாண்டி, மாட்டு ஆஸ்பத்திரியைத் தாண்டி, வலது பக்கச் சந்தில் திரும்பினார். ஒரு வீட்டுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, அது இல்லை என்று தலையாட்டி நகர்ந்தார். அடுத்த சந்தின் கடைசியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வீட்டின் கதவைத் தட்டினார். ராணி இரண்டடி பின்னால் நின்றாள்.

கதவைத் திறந்தது ஓர் இளம்பெண். ரத்தினவேலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"என்னா பெரியப்பா இப்பிடிப் பண்ணிட்டீங்க? பூ வச்சிட்டு வந்துட்டாங்கன்னு தெருவே பேசுது. அவ்ளோ தூரம் சொன்னனே. வூட்ல சொல்லலியா நீங்க?"

ராணிக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் தன் வாயைத் தொட்டுக் காட்டிவிட்டு, வெறும் கையை விரித்தார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அவர் ராணியைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் ராணி பேசினாள்.

"இங்கேர்ந்து வந்த மறுநாளே விழுந்துட்டாரும்மா. பேச்சு போயிடுச்சு. நீ சொன்னது இன்னும் அவருக்குள்ளதான் இருக்குது. எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க பெரியம்மா. அந்தக் காது கேக்காது."

அவள் பெயர் பானுமதி. ஆதிலட்சுமி சொன்ன மூத்த மருமகள். திருப்பூரில் இல்லை, மாமியார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, தாய் வீட்டில் இருந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அன்று மழைக்கு ஒதுங்கித் தண்ணீர் கேட்டு வந்தவர் யார் வீட்டைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், கதவைச் சாத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாளாம்.

"கொழம்புல உப்பு இல்லன்னு தட்ட வீசனாரு. எடுக்கலாம்னு குனிஞ்சேன். காதோட சேத்து ஒரு அறை. பிரவீனுதான் அடிச்சது, என் வூட்டுக்காரரு இல்ல. அவரு பக்கத்துல ஒக்காந்து சாப்ட்டுக்கிட்டு இருந்தாரு. சாப்ட்டு முடிச்சிட்டுத்தான் எழுந்தாரு." சொல்லும்போது அவள் குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. "சவ்வு கிழிஞ்சி உள்ள நரம்புலயும் அடின்னாங்க. கேக்காதது போவட்டும் பெரியம்மா. வண்டு மாதிரி ஒரு சத்தம் உள்ளயே இருக்குது. தூங்கனாலும் நிக்கல. தம்பிக்குப் பொண்ணு பாக்கணும், வெளிய சொல்லிடாதன்னு அத்த சொன்னாங்க. பெரியப்பா மட்டும்தான் ஒக்காந்து முழுசா கேட்டாரு. என் பொண்ணு அந்த வூட்டுக்குப் போவாதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

ராணி ரத்தினவேலைப் பார்த்தாள். பானுமதி சொல்லி முடிக்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவருடைய இடது கை தொடையின்மேல் மேல்நோக்கித் திரும்பித் திரும்பி அடித்துக்கொண்டிருந்தது. ஐப்பசியிலிருந்து அவர் நெஞ்சுக்குள் கிடந்த பேச்சு இன்னொருத்தி வாயிலிருந்து ஒரு சொல் குறையாமல் வந்துகொண்டிருந்தது. கண்ணீர் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியதை அவர் துடைக்கவில்லை.

நிறுத்தத்தில் ஒரு புளியமர நிழலில் அவரை உட்காரவைத்துவிட்டு ராணி தன் பட்டன் போனில் கவிப்ரியாவைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அவங்களுக்கு ஆகாதவங்க சொல்றாங்களா இருக்கும்மா" என்றாள் கவிப்ரியா. "நீதான அப்பா சரின்னு சொல்றாருன்னு எல்லாரு முன்னாடியும் சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"இப்ப சொல்றது மட்டும்?"

ராணி ரத்தினவேலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாகிட்ட குடு" என்றாள் கவிப்ரியா.

"அவரு எப்பிடிடி போன்ல…"

"குடும்மா. நீ சொல்லாத. அவரு சொல்லட்டும்."

ராணி போனைக் கொடுத்தாள். ரத்தினவேல் எழுந்து நின்று, இடது கையால் அதைக் காதோடு அழுத்திக்கொண்டார். பதில் சொல்லத் தெரிந்த அந்த ஒரே கை இப்போது போனைப் பிடித்திருந்தது. ஜெயங்கொண்டம் பக்கமிருந்து பஸ் வந்து நின்றது. "விருத்தாசலம், விருத்தாசலம்! ஏறுங்கம்மா, பெரியவரக் கைத்தாங்கலா ஏத்துங்க" என்று கண்டக்டர் படியில் நின்று அவசரப்படுத்தினார். ராணி கையை ஆட்டி பஸ்ஸைப் போகச் சொன்னாள். அது புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. போனுக்குள்ளிருந்து "அப்பா, அப்பா" என்று சின்னதாக வந்துகொண்டிருந்த குரலும் அடங்கியது. கவிப்ரியா காத்திருந்தாள். வெயிலில் புழுதி மெல்லப் படிந்தது. ரத்தினவேல் வாயைத் திறந்தார். உதடுகள் குவிந்து, விரிந்து, மறுபடி குவிந்தன. அவருக்காகத் தான் பேசிவிடாமல் இருக்க, ராணி முந்தானையை எடுத்துத் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள்.